லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?

புதுக் கார் வாங்கியவரிடம் நம் ஊரில் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" அந்தக் 'கொடுக்குது' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாடு பால் கொடுப்பதுபோல வண்டி கிலோமீட்டர் கொடுக்கிறது. பால் குறைந்தால் மாட்டுக்காரருக்கு இரண்டு சந்தேகம் வரும்: தீவனம் சரியில்லையா, மாட்டுக்கு உடம்பு சரியில்லையா? கார்க்காரருக்கும் அதே இரண்டுதான். ஊற்றும் பெட்ரோலில் கோளாறா, வண்டியில் கோளாறா?

முதலில் தீவனத்தைப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தூய பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். மெகாஜூல் நம் கைக்குப் பிடிபடாத அளவு; கரண்ட் பில்லில் வரும் யூனிட்டாக மாற்றிக்கொள்ளலாம். 3.6 மெகாஜூல் ஒரு யூனிட். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் இருக்கிறது. அத்தனையையும் மின்சாரமாக்க முடிந்தால் 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்றை இரவும் பகலுமாக ஐந்து நாள் சுற்றவைக்கலாம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட், 11 லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கிவிடும்.

இந்த 9 யூனிட்டில் சக்கரம் வரை போய்ச் சேர்வது எவ்வளவு? சாதாரண பெட்ரோல் காருக்கு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு 12 முதல் 30 சதவீதம். ஊருக்குள் நின்று நின்று போனால் கீழ் எண், நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் மேல் எண். மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் ஊரைச் சூடாக்கப் போகிறது. 9 யூனிட்டுக்குக் காசு கொடுத்து இரண்டைப் பயன்படுத்துகிறோம். மைலேஜைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இந்த இரண்டு யூனிட்டைச் சற்றே கூட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இப்போது பங்க்குக்குள் நுழைவோம். "நார்மலா சார், பவரா?" என்று பெட்ரோல் போடும் பையன் கேட்கிறான். கேள்வியே ஏமாற்றுகிறது. பெயரில் பவர் இருப்பதால் அந்தப் பெட்ரோலில் சக்தி கூடுதல் என்று நினைக்கத் தோன்றும். அங்கே கூடுதலாக இருப்பது ஆக்டேன் எண். அது சக்தியின் அளவு இல்லை, பொறுமையின் அளவு.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்குகிறது. நசுக்கினால் சூடேறும், சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்கு அது தெரியும். ஸ்பார்க் பிளக் பொறி விடும்வரை கலவை காத்திருக்க வேண்டும். பொறி விழுந்த பிறகும், தீ ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பரவும்வரை கடைசியில் நிற்கும் கலவை பொறுத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து தானே வெடித்தால் அதற்குப் பெயர் நாக்கிங். ஏற்காடு ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜினுக்குள் கோலிகுண்டு உருள்வதுபோல ஒரு சத்தம் கேட்குமே, அதுதான்.

அந்தச் சத்தத்தை அடக்கும் மருந்தைத் தேடி 1921 டிசம்பரில் ஒன்றைக் கண்டுபிடித்தார் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி: ஈயம் கலந்த ஒரு சேர்மம். உலகத்து நகரங்களின் காற்றில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஈயத்தைத் தூவிய கண்டுபிடிப்பு அது. இந்தியா 2000-இல் ஈயப் பெட்ரோலை விட்டது. கடைசியாக விட்ட நாடு அல்ஜீரியா, 2021-இல். மிட்ஜ்லியின் காலத்திலேயே, 1926-இல், கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் பெட்ரோலின் பொறுமைக்கு அளவுகோல் போட்டார். எளிதில் வெடித்துவிடும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம், லேசில் அசையாத ஐசோஆக்டேனுக்கு 100. நம் சாதாரண பெட்ரோலுக்கு நெடுநாள் இருந்த எண் 91. இரண்டும் 9-க்கு 91 என்ற விகிதத்தில் கலந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு பொறுக்கும் என்று பொருள்.

இன்ஜினை வடிவமைப்பவர் 91 போதும் என்று தீர்மானித்து நசுக்கும் விகிதத்தை அமைத்துவிட்டார் என்று வையுங்கள். அதில் 100 ஆக்டேன் ஊற்றினால்? அந்தக் கூடுதல் பொறுமை சோதிக்கப்படவே போவதில்லை. லிட்டருக்குள் இருக்கும் யூனிட்டும் ஏறப்போவதில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. சாதாரண பெட்ரோலுக்கென வடிவமைத்த கார்களில் பிரீமியம் ஊற்றினால் மைலேஜிலோ திறனிலோ புகையிலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஒரே ஆண்டில் அமெரிக்கர்கள் இப்படி வீணாக்கிய தொகை 210 கோடி டாலர் என்றும் கணக்குச் சொன்னது. (அமெரிக்க பங்க்கில் 87 என்று போட்டிருப்பது ஏறக்குறைய நம் 91தான். அளக்கும் முறை வேறு. அவர்கள் மட்டமான பெட்ரோல் ஊற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.)

விதிவிலக்கு உண்டு. சில டர்போ இன்ஜின்களும் விலையுயர்ந்த கார்களும் 95-ஐக் கேட்கும். அவற்றில் 91 ஊற்றினால் நாக் சென்சார் சத்தத்தை உணர்ந்து பொறி விடும் நேரத்தைத் தள்ளிவைக்கும். வண்டி மந்தமாகும், மைலேஜும் குறையும். உங்கள் கார் எந்த வகை என்று பெட்ரோல் மூடியின் உள்பக்கம் அல்லது கையேட்டில் எழுதியிருக்கும். 95 கேட்காத வண்டிக்கு அதை ஊற்றுவது என் பார்வையில் தண்டச்செலவு.

தீவனத்தைப் பற்றிய பெரிய சண்டை இப்போது ஆக்டேனைப் பற்றியதில்லை, எத்தனாலைப் பற்றியது. இந்திய பெட்ரோலில் 2022-இல் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 20 சதவீதத்துக்கு 2030 என்று முதலில் வைத்த இலக்கை முன்னுக்கு இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் விற்பனை தொடங்கியது. 2025-இல் 20-ஐத் தொட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு முழுவதும் "மைலேஜ் விழுந்துவிட்டது" என்ற புலம்பலை டீக்கடை முதல் உச்ச நீதிமன்றம் வரை கேட்க முடிந்தது.

புலம்பலில் உண்மை எவ்வளவு? எரிவது என்றால் ஆக்சிஜனோடு சேர்வது. எத்தனால் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஓர் ஆக்சிஜன் அணுவை வைத்திருக்கிறது; எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் அதுதான். வேதியியலாளர் கண்ணுக்கு அது கொஞ்சம் முன்னதாகவே எரிந்துவிட்ட எரிபொருள். மிச்சம் எரிய வேண்டியது குறைவு, ஆகவே வெப்பமும் குறைவு. லிட்டருக்கு 21 மெகாஜூல், அதாவது 6 யூனிட்டுக்குச் சற்றுக் கீழே. இனி கணக்கு எளிது. பெட்ரோல் 0.8 லிட்டர், லிட்டருக்கு 8.9 யூனிட் வீதம் 7.1. எத்தனால் 0.2 லிட்டர், 5.9 வீதம் 1.2. மொத்தம் 8.3. முன்பு 8.9 இருந்தது. குறைவு சுமார் 7 சதவீதம். லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 17-க்குச் சற்றுக் கீழே வர வேண்டும்.

2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இதை மறைக்கவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம், அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், 10-க்கு வடிவமைத்து 20-க்குச் சீரமைத்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் இழப்பு வரும் என்று அதிலேயே இருக்கிறது. கடைசிக் கூட்டத்துக்கு இழப்பு குறைவது ஏன்? எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும், அபாரப் பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கு ஏற்றபடி பொறி விடும் நேரத்தையும் நசுக்கும் விகிதத்தையும் அமைத்துக்கொண்ட இன்ஜின் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுவிடும். 2015-இல் வாங்கிய கார் தன் சிலிண்டரின் அளவை மாற்றிக்கொள்ள முடியாதே.

ஆக, "லிட்டருக்கு ஒன்று குறைந்துவிட்டது" என்பவர் சொல்வது நிஜம். "ஐந்து குறைந்துவிட்டது" என்பவர் வண்டியில் வேறு ஏதோ நோய் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

என் குறை வேறு. பால் சொசைட்டியில் பாலை லிட்டர் கணக்கில் மட்டும் வாங்கிக்கொள்வதில்லை; கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து விலை போடுகிறார்கள். தண்ணீர்ப் பாலுக்கும் கெட்டிப் பாலுக்கும் ஒரே விலை என்றால் கறப்பவர்கள் சும்மா விடுவார்களா? பெட்ரோலை மட்டும் வெறும் லிட்டராகவே வாங்குகிறோம். யூனிட் 7 சதவீதம் குறைந்தது. பில் அதற்காகக் குறையவில்லை. பிரேசிலில் பங்க்குக்குப் போகிறவருக்கு எத்தனால் தனிக் குழாய், எத்தனால் கலந்த பெட்ரோல் தனிக் குழாய். 2003 முதல் அங்கே எதை ஊற்றினாலும் ஓடும் கார்கள் விற்பனையில் உள்ளன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் லாபம், மேலே போனால் பெட்ரோல் லாபம் என்பது அங்கே டாக்ஸி ஓட்டுநருக்கும் மனப்பாடம். வெப்ப அளவின் விகிதத்தையே அவர்கள் விலைப் பலகையில் படிக்கிறார்கள். இங்கே எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்கட்டும் என்று கேட்ட மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தீவனக் கதையில் ஒரு சின்னப் பாக்கி. விடியற்காலையில் பெட்ரோல் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், அப்போது போட்டால் லாபம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும் என்பது சரிதான். ஆனால் பங்க்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் போல அதன் சூடு காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி மாட்டின் உடம்பு.

வண்டிப் பராமரிப்பு பற்றி நம் அப்பாக்கள் சொன்ன அறிவுரைகளில் பாதி கார்புரேட்டர் காலத்தவை. கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. உள்ளே இழுக்கும் காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைந்து ஒரு சிறு துளை வழியாகப் பெட்ரோல் மேலே வரும், அவ்வளவுதான். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தால் இழுப்பு கூடிப் பெட்ரோல் அதிகமாக வரும், புகை கறுக்கும், மைலேஜ் சரியும். அதனால்தான் மெக்கானிக்குகள் ஃபில்டரைத் தட்டித் தட்டி மாட்டினார்கள். அன்று அது சரியான வைத்தியம்.

1976-இல் வால்வோ கார் ஒன்றில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் சென்சார் வந்தது. புகைக்குழாயில் உட்கார்ந்து, எரிந்து முடிந்த காற்றில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் மூக்கு அது. மிச்சம் இருந்தால் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டு, இல்லாவிட்டால் குறை என்று நொடிக்கு நொடி கணினிக்குச் சொல்லும். நம் கார்களில் 2000-ஐ ஒட்டி இந்த ஏற்பாடு பரவியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் இருசக்கர வண்டிகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய கார் ஓரளவு சமாளிப்பதும் இந்த மூக்கின் புண்ணியத்தில்தான். ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அந்த வித்தியாசத்தை முகர்ந்து கணினி தெளிப்பை மாற்றிக்கொள்கிறது.

அப்படியானால் அழுக்கு ஏர் ஃபில்டர்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துக் கார்களை ஓட்டிப் பார்த்தது. புதிய வகைக் கார்களில் மைலேஜ் அசையவில்லை; வேகம் பிடிப்பதுதான் மந்தமானது. பலருக்கு இது நம்ப முடியாத செய்தி. யோசித்தால் அதில் புதிர் இல்லை. பெட்ரோல் காரின் வேகத்தை நாம் கட்டுப்படுத்துவதே காற்றை மறித்துத்தான். ஆக்ஸிலரேட்டரின் மறுமுனையில் இருப்பது த்ராட்டில் என்ற ஒரு கதவு. சாதாரண ஓட்டத்தில் அது பாதிக்கு மேல் மூடியே இருக்கும். வாசல் கதவு ஒருக்களித்திருக்கும் வீட்டில் ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டால் என்ன ஆகும்? கதவைக் கொஞ்சம் கூடுதலாகத் திறப்போம். காலும் அதையே செய்கிறது. கணினி வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத் தெளிக்கிறது. கணக்கு முன்பு போலவே. முழுதாகத் திறந்தும் காற்று போதாமல் போகும் ஏற்றத்தில்தான் குறை தெரியும். ஃபில்டரை நேரத்துக்கு மாற்றத்தான் வேண்டும். தூசி உள்ளே போனால் சிலிண்டர் தேயும். மைலேஜுக்காக மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் ஏமாறுவீர்கள்.

மூக்கே கெட்டுப்போனால்? அங்கேதான் பெரிய இழப்பு. சென்சார் கெட்டால் கணினி கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்ஜினுக்கு ஆபத்து வேண்டாமென்று பெட்ரோலை அள்ளி ஊற்றும். மோசமான சந்தர்ப்பத்தில் இதைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. மீட்டர் பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அதன் மேல் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். "ஐந்து குறைந்துவிட்டது" என்றவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த விளக்கைத்தான்.

அடுத்தது தெர்மோஸ்டாட். நம் ஊருக்கே உரிய கதை இது. இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மறித்து, எண்பது டிகிரியைத் தாண்டிய பிறகு திறக்கும் ஒரு சிறு வால்வு. ஒரு முறை வண்டி ஓவர்ஹீட் ஆகி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், மெக்கானிக் அதைக் கழற்றிக் கையில் கொடுப்பார். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரன் வெச்சது." என் பழைய காரிலும் இப்படிக் கழற்றினார்கள், அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதன் பிறகு டெம்பரேச்சர் முள் பாதிக்கு வரவே இல்லை, டேங்க் மட்டும் சீக்கிரம் காலியானது. வெயில் 40 டிகிரி என்றால் நமக்குச் சூடு. 90 டிகிரியில் வேலை செய்யப் பிறந்த இன்ஜினுக்கு அது குளிர். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயில் கெட்டியாக இழுக்கும். இன்னும் சூடேறவில்லை போல என்று கணினி கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய் பொருளைத் திரும்ப மாட்டியதும் முள் நடுவுக்கு வந்தது. இரண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய்த் திரும்பும் கார் ஒருபோதும் நல்ல மைலேஜ் கொடுக்காததற்கும் இதே காரணம்தான். சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது.

ஆயிலிலும் இப்படி ஒரு பழைய பாசம் உண்டு: கெட்டியாக இருந்தால்தான் இன்ஜினுக்கு நல்லதாம். 0டபிள்யூ-20 போடச் சொன்ன இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் பிஸ்டன் தேனுக்குள் நடப்பதுபோல நடக்கும். சொன்ன ஆயிலைப் போட்டால் ஒன்றிரண்டு சதவீதம் மிச்சம்.

பிரேக்கை மைலேஜோடு யாரும் சேர்த்து நினைப்பதில்லை. கேலிப்பர் பின்னில் சேறும் துருவும் பிடித்தால் காலை எடுத்த பிறகும் பிரேக் பேட் தட்டை உரசிக்கொண்டே வரும். வண்டி பிரேக் பிடித்தபடியே ஓடும். சமதளத்தில் நியூட்ரலில் விட்டு ஒரு ஆள் தள்ளினால் சிறிய கார் நகர வேண்டும். நகர அடம்பிடித்தால் சந்தேகப்படுங்கள். பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களில் ஒன்று மட்டும் அனல் அடித்தால் சந்தேகமே வேண்டாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க ஒரு மணி நேரம் ஆகும்.

கடைசியாக டயர். காற்று இறங்கிய சைக்கிளை மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தியை முழுதாகத் திருப்பித் தராமல் ஒரு பகுதியைச் சூடாக வைத்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் நசுங்கல் கூடும். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகும். 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். பெரிய எண் இல்லைதான். ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றிலும் அநேகமாகச் செலவே இல்லாதது இது ஒன்றுதான். குறைந்த காற்றோடு மே மாத நெடுஞ்சாலையில் ஓடும் டயர் சூடாகி வெடிக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் மைலேஜ் இரண்டாம்பட்சம். நைட்ரஜன் போடலாமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது.

இவ்வளவும் செய்தபின் பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? விளம்பரத்தில் போடும் எண் ஏஆர்ஏஐ போன்ற சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி, புகையைப் பையில் பிடித்து, அதிலுள்ள கார்பனை எண்ணிப் பெறுவது. நம் சாலையும் சிக்னலும் ஏசியும் அங்கே இல்லை. டேஷ்போர்டு காட்டும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. பழைய முறையே நல்ல முறை: நாஸில் தானாக நிற்கும்வரை டேங்க் ஃபுல், மீட்டரைக் குறித்துக்கொள்வது, அடுத்த ஃபுல் வரை ஓட்டுவது, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுப்பது. ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரப் போக்குவரத்து நெரிசலே 10 சதவீதத்தை விழுங்கும். 7 சதவீத எத்தனால் இழப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதே பங்க்கில் நான்கைந்து முறையாவது போட்டு எழுதிவாருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முத்திரையிட்ட அந்தப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. காற்றடிக்கும் இடத்தில் "எவ்வளவு வைக்கட்டும் சார்?" என்று கேட்டால் பலரும் வாயில் வந்த எண்ணைச் சொல்கிறோம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கு உரியது இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன்டயருக்கு எவ்வளவு, பின்டயருக்கு எவ்வளவு, குடும்பத்தோடு சுமை ஏற்றிப் போனால் எவ்வளவு என்று அதில் இருக்கிறது. ஓடினால் டயர் சூடாகி அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே நாளைக் காலை, வேறெங்கும் போகும் முன், அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் பங்க்குக்குப் போய்வாருங்கள்.